காசுல இருந்து கேஷ் வரலைங்கய்யா... விட்ருங்க!

ஆபீஸ்ல ஆணி அதிகமாப் போனதால ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன். எங்க பெரியப்பா வர வச்சுட்டார்.

போன ஞாயித்துக்கிழமை காலையில குடும்ப வாட்ஸப் குரூப்புல அவர் ஒண்ணு போட்டார். வெள்ளைக்காரன் சொல்ற 'கேஷ்' நம்ம தமிழ் 'காசு'தானாம். அவன் நம்மகிட்ட இருந்து பணத்தை மட்டும் இல்ல, பணத்துக்கான சொல்லையும் சேத்துத் திருடிட்டானாம். உண்மையான தமிழனா இருந்தா பத்துப் பேருக்கு அனுப்பணுமாம். அஞ்சு நிமிஷத்துல வரிசையா கைதட்டல் பொம்மை. நான் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம். விதி யாரை விட்டுச்சு? "பெரியப்பா, அது தப்பு. ரெண்டும் வேற வேற சொல்லு"ன்னு போட்டுட்டேன்.

அவ்வளவுதான். "இஞ்சினியரிங் படிச்சு நாலு காசு பாத்ததும் தாய்மொழி கசக்குதாக்கும்"னு பெரியப்பா. "தமிழனுக்கு எதிரி தமிழன்தான்"னு மாமா ஒருத்தர். அத்தை மட்டும் "சாப்டியாப்பா"ன்னு கேட்டாங்க. பெரியவங்ககிட்ட மல்லுக்கட்டக் கூடாதுன்னு அங்க வாயை மூடிக்கிட்டேன். மிச்சத்தை இங்க பேசுறேன்.

மொதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இந்தக் கதையை நானும் ஊர் பூரா பரப்பினவன்தான். ஏழாம் வகுப்புல தமிழய்யா சொன்னார், நான் நம்பினேன். காலேஜ் ஹாஸ்டல்ல சொன்னேன். மூணு வருசத்துக்கு முன்னாடி ஆபீஸுக்கு பிரான்ஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்திருந்தாங்க. சாப்பாட்டு மேசையில பேச்சு மொழிப் பக்கம் திரும்பவும் நெஞ்சை நிமித்திக்கிட்டு அவங்ககிட்டயும் சொன்னேன். அதுல ஒரு அம்மணி ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாங்க: "எங்க ஊர்க் கடையில பில்லுக்குப் பணம் கட்டுற எடத்துக்கே 'கெஸ்'னுதான் பேரு. பெட்டின்னு அர்த்தம். கேஷ் அதுல இருந்து வந்தது இல்லையா?" உடனே போனை எடுத்து அகராதியைப் பாத்தாங்க. அகராதி அவங்க பக்கம்.

எனக்கு அது கூட வலிக்கல. அசடு வழிஞ்சதை மறைக்க, "சரி, ஆனா கட்டமரான்ங்கிற சொல்லு எங்க கட்டுமரம்தான்"னு சொன்னேன். இது சத்தியமான உண்மை. எல்லா அகராதியிலயும் இருக்கு. அவங்க சிரிச்சுக்கிட்டே "ஓ, அப்படியா"ன்னாங்க. அந்த "அப்படியா" இருக்கே... குழந்தை "எங்கப்பா போலீஸு"ன்னு சொன்னா நாம சொல்லுவோமே, அந்த "அப்படியா". ஒரு பொய் சொன்ன பாவத்துக்கு அடுத்து சொன்ன உண்மையும் செல்லாமப் போச்சு. இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

இப்ப விசயத்துக்கு வருவோம்.

பணம்ங்கிற அர்த்தத்துல வர்ற ஆங்கில கேஷ், அவன் எழுத்துல 1590-கள் வாக்குல தலை காட்டுது. பிரெஞ்சு 'கெஸ்', இத்தாலிய 'காஸ்ஸா' இதுகளோட சொந்தக்காரன். அதுக்கு மேல போனா லத்தீன் 'காப்ஸா'. பெட்டி. ரோமாபுரியில அந்தப் பெட்டியில சுருட்டி வச்சிருந்தது பணம் கூட இல்ல, புத்தகச் சுருள். அதே காப்ஸா வீட்டுப் பிள்ளைங்கதான் கண்ணாடிக்கூடு, நகைக்கூடுக்குச் சொல்ற 'கேஸ்', மாத்திரைக் 'கேப்ஸ்யூல்', நம்ம அப்பாக்கள் இளையராஜா பாட்டைப் பதிஞ்சு தேச்ச 'கேசட்', லாரிக்கு அடியில இருக்குற 'சேஸி'. எல்லாமே ஏதோ ஒண்ணை அடக்கி வைக்கிற பெட்டி, கூடு, சட்டம். ஆங்கிலத்துல கேஷ்ங்கிறதுக்கும் மொதல்ல பணப்பெட்டின்னும் ஒரு அர்த்தம் இருந்துச்சு. போகப் போக பெட்டி மறைஞ்சு, உள்ள கெடந்த பணம் மட்டும் அந்தப் பேரை எடுத்துக்கிச்சு. கேஷியர்னா பெட்டிக்காரன்.

இது நமக்குப் புரியாத சங்கதியா என்ன? எங்க அப்பா செல்லூர்ல பலசரக்குக் கடை வச்சிருக்கார். தாத்தா காலம் வரைக்கும் தறி. அப்பாதான் தறியை விட்டுட்டுக் கல்லாவுல உக்காந்தவர். கல்லான்னா என்ன? பெட்டி. ஆனா "படம் நல்லா கல்லா கட்டுச்சு"ன்னு சொல்றோமே, அங்க எவனாவது பெட்டியையா கட்டுறான்? பணத்தைத்தானே சொல்றோம்! பெட்டியோட பேரு பணத்துக்கு வர்றது நம்ம வாயிலயே நடந்திருக்கு. (அந்தக் கல்லாவும் இந்தி, உருதுப் பக்கம் புழங்குற சொல்லு. அதுக்காக நம்ம கடை என்ன வடக்கத்திக் கடையாயிருச்சா?) ஆங்கிலத்து கேஷுக்கு நேர்த் தமிழ் தேடணும்னா காசைப் பிடிச்சுத் தொங்க வேணாம், கல்லாவைப் பிடிங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, காசுல இருந்து போன கேஷ் ஒண்ணு நெசமாவே ஆங்கிலத்துல இருக்கு. அது வேற கேஷ். அகராதியில தனிப் பதிவா, தனி எண் போட்டு, மொத கேஷுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. பெரியப்பா அனுப்புனதுல அதைப் பத்தி ஒரு வரி கிடையாது.

கதை இதுதான். போர்த்துகீசியர் இங்க வந்து, நம்ம ஆளுங்க சில்லறையைக் 'காசு'ன்னு சொன்னதைக் கேட்டாங்க. அவங்க வாயில அது 'காய்ஷா' ஆச்சு. அவங்க மொழியில காய்ஷான்னா ஏற்கெனவே பெட்டி! (மேல சொன்ன அதே காப்ஸா குடும்பம்.) காதுல விழுந்த புதுச் சொல்லுக்குத் தன் வீட்டுப் பழைய சட்டையை மாட்டி விட்டுட்டான். அவன்கிட்ட இருந்து ஆங்கிலேயன் வாங்கி 'கேஷ்'னு எழுதிக்கிட்டான். இப்படித்தான் ரெண்டு கேஷும் பாக்க ஒரே மாதிரி ஆனது. ஊர் வேற, குலம் வேற, பேரு மட்டும் ஒண்ணு. 1886-ல யூலும் பர்னலும் போட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலயே இந்த ரெண்டாவது கேஷ் தனியா இருக்கு. அவங்க நம்ம காசை 'கர்ஷம்'ங்கிற சமஸ்கிருத எடைச்சொல்லோட முடிச்சுப் போடுறாங்க. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வச்சுக்குவோம்.

இந்த ரெண்டாவது கேஷ் சும்மா அகராதியில தூங்கின சொல்லு இல்லைங்க. கும்பெனி ஆண்ட மெட்ராஸ்ல கணக்கே இதுலதான் நடந்துச்சு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது வராகனுக்கு 3360 காசு. 1818-ல ரூபாய்க் கணக்குக்கு மாறுற வரைக்கும் இதுதான். இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கத்துல சோஹோ அக்கசாலையில மெட்ராஸுக்குன்னே 10 கேஷ், 20 கேஷ் செம்புக்காசு அடிச்சு கப்பல்ல அனுப்பினாங்க. 1809 ஜனவரியில 'அட்மிரல் கார்ட்னர்'ங்கிற கப்பல் அந்தக் காசை டன் கணக்குல ஏத்திக்கிட்டுக் கெளம்பி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்னாடியே குட்வின் மணல்திட்டுல மாட்டி மூழ்கிப் போச்சு. 1980-கள்ல முக்குளிச்சு அள்ளினாங்க. நம்ம காசு பேரைச் சுமந்த செம்பு நூத்தி எழுபது வருசத்துக்கு மேல இங்கிலீஷ் கடல் அடியில கெடந்திருக்கு! நம்ம பக்கத்து வீடு திருவிதாங்கூர்ல 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். இந்தக் கணக்கு 1949 வரைக்கும் புழக்கத்துல இருந்துச்சு.

இன்னும் இருக்கு. நடுவுல சதுர ஓட்டை போட்ட சீனத்துச் செம்புக்காசு பாத்திருப்பீங்க. கயித்துல கோத்து வச்சிருப்பாய்ங்க. அதுக்கு ஆங்கிலத்துல என்ன பேரு தெரியுமா? கேஷ். சீனாவுல அதை அப்படிச் சொல்றது இல்ல. கீழ்த்திசைச் சில்லறை எல்லாத்துக்கும் ஐரோப்பாக்காரன் அந்தக் காய்ஷா பேரையே வச்சுட்டான். உலகத்துல எந்த மூலையில ஒருத்தர் சீன நாணயம் சேத்தாலும், ஆங்கிலத்துல அவர் அதைச் சொல்றது நம்ம காசு பேரை வச்சுத்தான்.

வெண்பாவோட ஈற்றுச் சீருக்கு வாய்பாடு சொல்றப்போ நாள், மலர், காசு, பிறப்புன்னு நாம படிச்ச அதே காசு. சோழர் கல்வெட்டுல வர்ற அதே காசு. அது மெட்ராஸ், லிஸ்பன், லண்டன்னு சுத்தி சீனத்து நாணயத்து மேல போய் உக்காந்திருக்கு. இப்படி ஒரு பயணத்தைக் கையில வச்சுக்கிட்டு, அதை ஒருத்தனுக்கும் சொல்லாம, "பணம்னு சொல்ற கேஷும் எங்களுதே"ன்னு பக்கத்து வீட்டுப் பெட்டியில கை விட்டா அதுக்குப் பேரு பெருமையா?

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். வரும்னு தெரியும்.

"ரோமானியன் நம்மகிட்ட வியாபாரம் பண்ணினானே, அப்பவே வாங்கிட்டுப் போயிருக்கலாமே?" வியாபாரம் நடந்தது நெசம். மதுரையிலயே வைகைப் பக்கம் ரோமானியச் செம்புக்காசு கிடைச்சிருக்கு. ஆனா காப்ஸா அவன் வீட்டுல தனியாப் பொறந்த அநாதை இல்ல. பிடி, எடு, கொள்ளுன்னு அர்த்தம் வர்ற ஒரு லத்தீன் வினைச்சொல் அதுக்கு அப்பன். கேப்சர், கேப்டிவ், கேப்பபிள்னு அண்ணன் தம்பி ஒரு ஊரே இருக்கு. குடும்ப அட்டையில இத்தனை பேர் இருக்குற பிள்ளையைக் கடத்திட்டு வந்து நம்ம பிள்ளைன்னா எவன் ஒத்துப்பான்?

"சத்தம் ஒத்துப் போகுதே, அர்த்தமும் ஒத்துப் போகுதே?" போகட்டும். ஆஸ்திரேலியாவுல 'உம்பாபரம்'னு ஒரு பழங்குடி மொழி. அதுல நாய்க்குப் பேரு 'டாக்'. ஆங்கிலத்துக்கும் அதுக்கும் ஒட்டு இல்ல, உறவு இல்ல. பாரசீகத்துல கெட்டதுன்னா 'பத்'. ஆங்கில 'பேட்'டுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. மனுசன் வாயில வர்ற சத்தம் கொஞ்சம், உலகத்துல மொழி ஆயிரக்கணக்குல. அங்கிட்டும் இங்கிட்டும் முட்டத்தான் செய்யும். எங்க தொழில்ல இதுக்கு ஹேஷ் கொலிஷன்னு பேரு. ரெண்டு வேற வேற சரக்குக்கு ஒரே சாவி வந்து விழுறது. சாவி ஒண்ணுங்கிறதுக்காக சரக்கும் ஒண்ணுன்னு எழுதுற புரோகிராமை கோட் ரிவ்யூவுல வச்சுத் தொவைச்சுருவாய்ங்க. கேஷ்னே எங்ககிட்ட மூணாவது ஒண்ணும் இருக்கு: கம்ப்யூட்டர்ல அடிக்கடி தேவைப்படுறதைக் கைக்கெட்டுற எடத்துல பதுக்கி வைக்கிற கேஷ் மெமரி. அது 'ஒளிச்சு வை'ங்கிற பிரெஞ்சுச் சொல்லோட பிள்ளை. மத்த ரெண்டுக்கும் அதுக்கும் ஒட்டே இல்ல. அதையும் காசுன்னு சொல்லிருவோமா?

இப்படியே போனா எங்க ஊரையும் நான் விளக்கிருவேன். செல்லூர்ல துண்டு, லுங்கி நெஞ்சு வித்தோம். விக்கிறதுக்கு ஆங்கிலத்துல 'செல்'. ஆகவே செல்லூர்னா விக்கிற ஊரு. வெள்ளைக்காரன் செல்லூர்ல இருந்துதான் 'செல்'லைத் திருடினான்! எப்படி? பத்துப் பேருக்கு அனுப்புங்க. சிரிக்காதீங்க, "முந்திரி காசுக்கு எட்டுன்னு வித்துச்சு, அதான் கேஷ்யூ நட்"னு ஒரு கதை ஊரெல்லாம் சுத்துதே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? முந்திரி பிரேசில்ல இருந்து போர்த்துகீசியன் கொண்டாந்த மரம். பேரு அங்கத்து தூப்பி மொழியில 'அகஜு', போர்த்துகீசியத்துல 'கஜு', அதுல இருந்து கேஷ்யூ. மரமும் நம்மளுது இல்ல, பேரும் நம்மளுது இல்ல.

"பாவாணர்..."னு ஒருத்தர் இழுப்பார். தேவநேயப் பாவாணர் பேரைச் சொல்லும்போது நான் கைகட்டித்தான் நிப்பேன். 1981 ஜனவரியில இதே மதுரையில நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்து பேசிட்டு, இதே ஊர்ல உயிரை விட்டவர். அவர் முடிவு பலதை மொழியியல்காரங்க ஏத்துக்கல, நானும் ஏத்துக்கல. ஆனா ஒரு சொல்லுக்கு வேர் தேடி ஆயுசையே செலவு பண்ணின மனுசன் அவர். ஃபார்வர்ட் பட்டனை அமுக்குற கட்டைவிரலுக்கு அவர் பேரைக் கவசமாப் போடாதீங்க. 1816-ல எல்லிஸும், 1856-ல கால்டுவெல்லும் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரு குடும்பம், அது சமஸ்கிருதத்துப் பிள்ளை இல்லன்னு சொன்னப்போ உலகம் ஏன் கேட்டுச்சு? ஒரு சொல்லு ஒத்துப் போச்சுன்னு குதிக்கல. வேர்ச்சொல், இலக்கணம்னு வரிசையா அடுக்கி வச்சாங்க. இன்னைக்கு நாம திராவிட மொழிக் குடும்பம்னு தலை நிமிந்து சொல்றது அந்த முறையால. அதே முறை "கேஷ் உன்னுது இல்ல"ன்னு சொன்னா மட்டும் கசக்குதா?

கடைசியா, கொஞ்சம் காரமான சங்கதி. நெசமாவே தமிழ்ல இருந்து ஆங்கிலத்துக்குப் போனதுன்னு பட்டியல் போட்டா கட்டுமரம் இருக்கு, சுருட்டு (செரூட்) இருக்கு, மிளகுத்தண்ணி (மல்லிகடானி) இருக்கு. அதே பட்டியல்ல இன்னொரு சொல்லும் இருக்கு. 'பரையா'. ஊரே ஒதுக்கி வச்சவன்னு அர்த்தம். உலகமே ஒதுக்குற நாட்டை இன்னைக்கும் அந்தச் சொல்லை வச்சுத்தான் எழுதுறாங்க. பறையர்ங்கிற நம்ம சனத்தோட பேருதான் அது. பறை என்ன கேவலமா? அது இசைக்கருவி. அந்தப் பேருக்கு 'ஒதுக்கப்பட்டவன்'ங்கிற அர்த்தத்தை வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டு வரல. இங்க வந்து நாம நடத்துன விதத்தைப் பாத்தான், பேரையும் அந்த நடத்தையையும் சேத்து எடுத்துட்டுப் போனான். நானூறு வருசமா அது ஆங்கிலத்துல இருக்கு.

எந்தப் பெரியப்பாவாவது இதை "உண்மையான தமிழனா இருந்தா பகிருங்கள்"னு அனுப்பிப் பாத்திருக்கீங்களா? நான் பாத்ததே இல்ல. இல்லாத கேஷுக்கு மார் தட்டுவோம், இருக்குற பரையாவைக் கண்டுக்க மாட்டோம். ஏற்றுமதிக் கணக்கு எழுதுறதுன்னா ரெண்டு பில்லையும்தான் கையெழுத்துப் போட்டு வாங்கணும். வரவை மட்டும் எழுதுறவன் கணக்கப்பிள்ளை இல்ல.

இறக்குமதியும் அப்படித்தான். சாவி, அலமாரி, ஜன்னல் மூணும் போர்த்துகீசியம். எங்க தாத்தா வாய்க்கு வாய் சொன்ன 'துட்டு' டச்சுக்காரன் சொல்லுன்னு தமிழ் லெக்சிகனே சொல்லுது. அதனால தமிழ் கொறைஞ்சா போச்சு? கடன் வாங்காத மொழி கடைத்தெருவுக்கே போகாத மொழி. நாம போன மொழி.

எங்க செல்லூர்க்காரங்களுக்கு 2017-க்கு அப்புறம் ஒரு கஷ்டம். ஊர் பேரைச் சொன்னாலே வைகை அணையில மிதக்க விட்ட தெர்மாகோலைத்தான் கேப்பாங்க. ஆவியாகாமத் தண்ணியைக் காப்பாத்தணும்னு போட்டது, காத்தடிச்சதும் கரை ஒதுங்கிருச்சு. இந்த கேஷ்-காசு பெருமையும் அந்த மாதிரிதான். தமிழைக் காப்பாத்தப் போட்டதா நெனைக்கிறோம். ஒரு அகராதிக் காத்துக்குத் தாங்காது.

ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். குரூப்புச் சண்டையை அவரும் பாத்திருக்கார், ஒண்ணும் போடல. அண்ணன் ஆச்சே. "நீ சொன்னது சரியாவே இருக்கட்டும், எதுக்குடா வீண் வம்பு?"ன்னார். நான் திருப்பிக் கேட்டேன்: "கள்ள நோட்டு ஒண்ணு வந்துச்சுன்னா ஏம்ப்பா அன்னைக்கே கிழிச்சுப் போடுறீங்க? கல்லாவுல பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகட்டுமே?"

"அதெப்படிறா? அது நம்ம கல்லாவுல இருந்து வந்துச்சுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா, அடுத்த நாள் நான் கொடுக்குற நல்ல நோட்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பாப்பான்"னார்.

அதேதாம்ப்பா.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, அந்தச் சீனாக்காரன் காசு கதை நெசமா? அதை எழுதி அனுப்பு, பெரியப்பாவுக்கு நான் காட்டுறேன்"னார்.

எழுதிட்டேன். பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். அனுப்புறதுன்னா, மொதல்ல ஒரு அகராதியைத் திறந்து நான் சொன்னது சரியான்னு பாத்துட்டு அனுப்புங்க.

டிஸ்கி: பெரியப்பா, நீங்க இதைப் படிச்சா, வர்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வர்றேன். காசு குடுங்க. கேஷாவே குடுங்க.